சத்தம் வராத நேரம்

இரட்டைக்கிளவிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் மாணவர்கள் 'சலசல', 'கலகல', 'மடமட' என்று எழுதுவார்கள். பொள்ளாச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்து ஆறு வருடம் நானும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். 1991 ஆவணியில் எங்கள் வீட்டு அம்பாசடர் கார் ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. அதற்குப் பொருத்தமான சொல் தமிழ் வாத்தியார் வாயில் வரவில்லை.

அப்பாவுக்குத் தேங்காய் மண்டி. அந்தக் காரை 1985-ல் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினார். 1980 மாடல், மார்க் 4, பால் வெள்ளை நிறம். அம்பாசடரின் பூர்வீகம் இங்கிலாந்து. அங்கே மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை என்று ஓடிய வண்டியைத்தான் இங்கே கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் என்று செய்தார்கள். 2014 வரை செய்தார்கள். நாலு சிலிண்டர், 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஆள் இறங்கி நின்றே வேலை பார்க்கலாம் போல இடம் இருக்கும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் அந்த இன்ஜினைக் கழற்றிப் பூட்டலாம் என்பார்கள். அது அந்த வண்டியின் பெருமை. அதுவேதான் அதைப் பிடித்த சனியனும்.

வண்டிக்கு இன்னொரு வசதி உண்டு. பேட்டரி இறங்கிவிட்டால் முன்பக்க பம்பர் ஓட்டை வழியாக ஹேண்டிலை நுழைத்துச் சுற்றி ஸ்டார்ட் பண்ணலாம். எங்கள் பேட்டரிக்கு வயதாகிவிட்டிருந்தது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று சொல்லும்போதெல்லாம் அப்பா, "உன் கைக்கு என்ன கேடு?" என்பார். வாரத்தில் நாலு நாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹேண்டில் போடுவது என் வேலையாக இருந்தது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றிப் பிடித்தால் ஹேண்டில் திருப்பி உதைக்கும்போது விரல் போய்விடும். அந்த ஒன்றைத் தவிர இன்ஜினைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.

அந்த வருடம் ஆடியில் முன்பக்கத்திலிருந்து ஆயில் ஒழுகியது. வண்டி நிற்கும் இடத்தில் தினமும் ஒரு கறுப்புப் பொட்டு. பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். டைமிங் கவரைக் கழற்றி ஆயில் சீலை மாற்றினார்கள். கையோடு டைமிங் செயினையும் புதிதாகப் போட்டுவிட்டோம் என்று பில் கொடுத்தார்கள். ஒழுகல் நின்றது. மூன்று வாரம் கழித்து, உடுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து ரயில்வே கேட்டில் நின்றபோது சத்தம் கேட்டது. நியூட்ரலில் இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, அடியிலிருந்து யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி இருந்தது. கேட் திறந்து வண்டி நகர்ந்ததும் போய்விட்டது. வீட்டு வாசலில் நிறுத்தும்போது மறுபடியும் வந்தது. பின் சீட்டில் இருந்த அம்மா, "யாரோ உள்ள இருந்து கதவைத் தட்டறாப்பல இருக்குதே" என்றாள். நான் தேடிய சொல்லுக்கு அம்மாதான் கிட்டத்தில் போனாள்.

அதே ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பப் போனேன். ஒருவர் பானெட்டைத் திறந்தார், ஆக்ஸிலேட்டரை இரண்டு தடவை இழுத்து விட்டார், மூடினார். "பேரிங் போச்சுங்க. இன்ஜினை இறக்கணும்" என்றார். கிராங்க் கிரைண்டிங், பேரிங் செட், இறக்கினது இறக்கியாச்சு என்று ரிங் செட், கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய் ஆகும் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். அன்றைக்கு என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். இரண்டு நிமிடத்தில் வந்த தீர்ப்பு அது. ஒரு கேள்விகூட அவர் என்னைக் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அப்பா தாளைப் பார்த்தார். "வித்துப்போடலாம்" என்றார். மறுநாளே புரோக்கரிடம் சொல்லியும் விட்டார். சத்தம் போடுகிற வண்டிக்குப் பாதி விலைதான் தேறும் என்றான் புரோக்கர். அதற்குப் பிறகுதான் அப்பா, "எதுக்கும் பாய்கிட்ட ஒரு தடவை காட்டிப்போடு" என்றார்.

பாயின் பட்டறை பழனி ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அவர் பாய்தான். அப்போது அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். 1920-ல் ஜி.டி. நாயுடு ஒரு பஸ்ஸை வாங்கித் தன் கையாலேயே ஓட்டியது இந்தப் பொள்ளாச்சி–பழனி வழியில்தான். அந்தக் காலத்திலிருந்து இந்த ரோட்டில் பஸ் ஓடுகிறது. பஸ் ஓடினால் பழுதாகும். பழுது பார்க்க ஆள் உருவாகும். பாயின் உஸ்தாது அப்படி ஒரு பஸ் ஷெட்டில் கை பழகியவர். பாய் அவரிடம் பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போனவர்.

நான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, சாவியைத் திருப்பப் போனேன். "இருங்க வாத்தியாரே, இருங்க" என்று கையைக் காட்டினார். இன்ஜினை ஸ்டார்ட் பண்ண விடவில்லை. பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "சத்தம் எப்படிங்க வருது? வாயில சொல்லுங்க" என்றார்.

நான் 'டக் டக்' என்றேன்.

"டக்கா, டொக்கா?"

விழித்தேன்.

பாய் சிரிக்கவில்லை. எனக்குப் பாடம் எடுப்பது போல ஒவ்வொன்றாக வாயால் போட்டுக் காட்டினார். மெல்லிசாக, தையல் மிஷின் ஓடுவது போல 'டிக் டிக்' என்றால் டாப்பெட். காலையில் குளிர்ந்த இன்ஜினில் 'களக் களக்' என்று வந்து, சூடானதும் அடங்கிவிட்டால் பிஸ்டன் தேய்ந்து சிலிண்டரில் ஆடுகிறது. மேடு ஏறும்போது கோலிக்குண்டை உருட்டிவிட்டது போல 'கிணிகிணி' என்றால் பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே பற்றிக்கொள்கிறது, டைமிங்கைப் பின்னால் தள்ள வேண்டும். 'கீச்' என்று கத்தினால் ஃபேன் பெல்ட். ஓடுகிற பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார், சத்தம் ஒரு கணம் நின்றால் அதுதான். 'கிர்ர்ர்' என்று அரைத்தால் வாட்டர் பம்ப் பேரிங். 'சக் சக்' என்று மூச்சு விட்டால் சைலன்சர் சேருகிற இடத்தில் கேஸ்கட் ஓட்டை. அடி வயிற்றிலிருந்து 'டங் டங்' என்று இழவு மேளம் மாதிரி வந்தால் மட்டும் பேரிங்.

தொல்காப்பியம் படித்தவன் நான். இத்தனை ஒலிக்குறிப்புகளை இவ்வளவு துல்லியமான பொருளோடு யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. 'டொக்' என்றேன் கடைசியில், தேர்வறையில் விடை சொல்கிறவனைப் போல.

"சரி, இப்ப ஓட்டுங்க" என்றார்.

இன்ஜின் சூடாகும் வரை காத்திருந்தார். அரை அடி நீள ஸ்குரூ டிரைவரை எடுத்தார். அதன் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் முதுகில் குழாயை நகர்த்துவது போல அந்த முனை ராக்கர் கவரிலிருந்து பிளாக்குக்கு, பிளாக்கிலிருந்து டைனமோவுக்கு, வாட்டர் பம்புக்கு, டைமிங் கவருக்கு நகர்ந்தது. பிறகு என்னிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னார். எலும்பில் கேட்கும் இன்ஜின் வேறு இன்ஜின். வெளியே ஒரே இரைச்சலாக இருந்தது உள்ளே தனித்தனியாகப் பிரிந்தது. வால்வுகள் ஓரிடத்தில், செயின் ஓரிடத்தில், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த 'டொக்'. எங்கே வைத்தாலும் கேட்டது. முன்பக்கம் போகப் போகப் பலமாகக் கேட்டது.

"இரும்புல சத்தம் ஓடும் வாத்தியாரே. கேக்கற எடத்துலயே இருக்கும்னு நம்பிறக் கூடாது" என்றார். பிறகு தாளத்தைக் கேட்கச் சொன்னார். வால்வைத் தள்ளும் கேம் தண்டு, கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சுற்றுதான் சுற்றும். ஆகவே ஒரு டாப்பெட் இளகியிருந்தால் அது நிதானமாகத் தட்டும். கிராங்கோடு சேர்ந்து சுற்றுகிற எதுவும் அதைவிட வேகமாகத் தட்டும். எங்கள் வண்டியில் ஒரு டாப்பெட் கொஞ்சம் இளகித்தான் இருந்தது. பாய் அதையே தாளக்கருவியாக எடுத்துக்கொண்டார். "அது ஒன்னு போடறதுக்குள்ள இது ரெண்டு போடுது பாருங்க. நடுவுல ஒன்னை முழுங்குது. பேரிங் இப்படித் தாளம் தப்பாதுங்க." அன்றைக்கு அவர் சொன்ன முதல் ஆறுதல் வார்த்தை அது.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் ஒரே மாதிரியான காரியம்: ஒன்றை எடுத்துவிட்டுப் பார்ப்பது. முதலில் பிளக் ஒயர்கள். ரப்பர் பிடித்த பிளையரால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒரு சிலிண்டருக்குத் தீப்பொறி போகாவிட்டால் அதன் பிஸ்டன் மேல் அடி விழாது. அந்தக் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருந்தால் அப்போது சத்தம் அமுங்கும். நாலையும் பிடுங்கி மாட்டினார். ஒவ்வொரு தடவையும் இன்ஜின் நொண்டியது. சத்தம் மட்டும் அசரவில்லை. பிறகு தன்னுடைய ஆயில் பிரஷர் மீட்டரை மாட்டினார். வேகமாக ஓட்டினால் ஐம்பது பவுண்டு காட்டியது. மெதுவாக ஓடும்போதும் முள் படுத்துவிடவில்லை. பேரிங் தேய்ந்து இடைவெளி விழுந்த இன்ஜினில் ஆயில் அந்த இடைவெளி வழியாக ஓடிவிடும், பிரஷர் நிற்காது.

இதற்குள் அப்பா மண்டியிலிருந்து வந்து சேர்ந்துவிட்டார். "என்ன பாய், இறக்கிப் பார்த்துறலாமா?" என்றார்.

"இறக்கினா தெரிஞ்சுரும் மொதலாளி. ஆனா இறக்காமத் தெரிஞ்சா நல்லதுங்களே" என்றார் பாய்.

எனக்கு விளங்காதது அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. மண்டியில் அவர் வேலையும் அதுதானே. குவியலிலிருந்து ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டுவார், இன்னொரு காயால் ஒரு தட்டுத் தட்டுவார்; இளசு, முற்றல், தண்ணீர் வற்றியது, அழுகல் எல்லாம் அந்த ஒரு தட்டில் தெரிந்துவிடும். என் பக்கம் திரும்பி, "தேங்காயை ஒடச்சுப் பார்த்து வாங்கறவன் வியாபாரியாடா?" என்றார். அந்த ஏழாயிரம் ரூபாய்த் தாளைப் பற்றி எங்கள் வீட்டில் பேசப்பட்ட கடைசி வாக்கியம் அதுதான்.

அடுத்து பாய் டைனமோ போல்ட்டை இளக்கி ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார். பெல்ட் இல்லாவிட்டால் வாட்டர் பம்பும் டைனமோவும் நின்றுவிடும். சத்தமும் நின்றால் குற்றவாளி அந்த இரண்டில் ஒருவர். தண்ணீர் சுற்றாது என்பதால் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட விடக்கூடாது என்று எச்சரித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சத்தம் நிற்கவில்லை. ஆனால் குரல் மாறியது. முன்பு கனமாக இருந்தது இப்போது கொஞ்சம் சிதறி, 'டொக்'குக்கும் 'டக்'குக்கும் நடுவில் எதுவோ ஆகிவிட்டது. இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு பாய் புளியமரத்து வேரில் போய் உட்கார்ந்தார். எடுபிடிப் பையனை டீ வாங்கிவர அனுப்பினார்.

டீயை ஊதிக்கொண்டே கேட்டார்: "சத்தம் எப்ப எப்ப வருதுன்னு சொன்னீங்க. எப்ப வராதுன்னு சொல்லலையே?"

யோசித்தேன். ஒரே வேகத்தில் ஓடும்போது வராது என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினோம். நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் வரவில்லை. பாய் தலையாட்டினார். பாரம் ஏறும்போது கத்தாத பேரிங் உலகத்தில் இல்லை என்றார். "வேற?"

"வேற ஒன்னுமில்ல பாய். காலையில சில நாள் வராது."

"எந்த நாள் வராது?"

அப்போதுதான் எனக்கே தோன்றியது. சொல்லவே கூச்சமாக இருந்தது, ஏதோ மூடநம்பிக்கையைச் சொல்வது போல. "ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ற நாள்ல வராதுங்க. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ற வரைக்கும்கூட வராது. சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணினா உடனே வரும்."

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பாதி டீ அதில் அப்படியே இருந்தது.

சாவியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பானெட்டுக்குள் கையை விட்டு, கிராங்க் தண்டின் முன் நுனியில் இருக்கும் புல்லியை, ஃபேன் பெல்ட் சுற்றுகிற அந்தச் சக்கரத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். 'டொக்.' மறுபடியும் ஆட்டினார். 'டொக்.' இன்ஜின் ஓடவில்லை. ரோட்டில்கூட அந்த நேரத்தில் வண்டி எதுவும் போகவில்லை. மூன்று வாரமாக எங்களைத் தூங்கவிடாத சத்தம் பாயின் கைக்குள் இருந்தது.

பிறகு விளக்கினார். கிராங்கின் நுனியில் அந்தப் புல்லியை ஒரு சின்ன இரும்புக் கீ பிடித்துக்கொண்டிருக்கும். வெளியே ஒரு பெரிய நட் அதை இறுக்கியிருக்கும். ஹேண்டிலின் நுனி போய்க் கவ்வுவது அந்த நட்டைத்தான். டைமிங் கவரைக் கழற்ற வேண்டுமானால் அந்த நட்டையும் புல்லியையும் கழற்றாமல் முடியாது. திரும்பப் பூட்டும்போது நட்டுக்கு அடியில் ஒரு லாக் வாஷர் போட்டு, அதன் நாக்கை நட்டின் மேல் மடித்துவிட வேண்டும். மடிக்காவிட்டால் நட் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். இளகினால் புல்லி கீயில் மோதும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் ஒரு உதறு உதறும், அப்போது மோதல் பலமாகக் கேட்கும். வேகமெடுத்தால் உதறல் சமனாகிவிடும், சத்தம் மறையும். நான் ஹேண்டிலைச் சுற்றுவதும் நட் இறுகுவதும் ஒரே திசை. வாரத்தில் நாலு நாள் காலையில், எனக்கே தெரியாமல், என் கையால் அந்த நட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். சில மைல் ஓடியதும் அது மறுபடியும் இளகிக்கொண்டது.

ரேடியேட்டரைக் கழற்றி இறக்கியதும் எல்லாம் கண்ணுக்கே தெரிந்தது. நட் ஸ்பேனரைத் தொட்டதுமே திரும்பியது. பழைய லாக் வாஷரையே போட்டிருந்தார்கள். மடித்து நிமிர்த்தியதில் அதன் நாக்கு முறிந்து போயிருந்தது. கீயின் ஒரு பக்கம் அடிபட்டுத் தேய்ந்திருந்தது. கிராங்கில் கீ உட்காரும் பள்ளமும் நூலளவு அகன்றிருந்தது. "இன்னும் ரெண்டு மாசம் ஓட்டியிருந்தா கிராங்கே போயிருக்கும். அப்ப அவங்க சொன்னது நெசமாயிருக்கும்" என்றார் பாய். அந்த ஒர்க்‌ஷாப்பைப் பற்றி நான் சூடாக ஏதோ சொன்னேன். அவர் அதில் சேர்ந்துகொள்ளவில்லை. "எனக்கும் மறதி உண்டுங்க. சத்தம் வந்த வண்டியில மொதல்ல கேக்க வேண்டியது, கடைசியா யார் கை வெச்சாங்கன்னு. அதை அவங்க தங்களையே கேட்டிருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

லேத் பட்டறையில் அகன்ற பள்ளத்துக்கு ஏற்றபடி ஒரு கீயைச் சீவி எடுத்துவந்தார்கள். புது வாஷர் போட்டு, நீளமான குழாயை ஸ்பேனரில் சொருகி முழு பலத்தோடு இறுக்கி, நாக்கை உளியால் மடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். தாளம் போட்டுக் கொடுத்த டாப்பெட்டையும் சரிசெய்துவிடலாம் என்று ராக்கர் கவரைத் திறந்தார். வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவில் பதினைந்து தௌ இடைவெளி இருக்க வேண்டும். ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினைந்து பங்கு. எட்டு வால்வில் எதை எப்போது பார்ப்பது என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. "எல்லாம் ஒன்பதுங்க. எட்டாவது அமுங்கி நிக்கும்போது ஒன்னாவதைப் பாருங்க. ஏழு அமுங்கினா ரெண்டு. ஆறுன்னா மூணு." நான் ஹேண்டிலைச் சுற்ற, அவர் ஃபீலர் கேஜை நுழைத்து நுழைத்துப் பார்த்தார். அந்த இன்ஜினைப் பற்றி நான் மனப்பாடம் செய்த முதல் சூத்திரம் அது.

இரண்டு நாள் வேலை. லேத் கூலி, வாஷர், பாய் கூலி எல்லாம் சேர்த்து 180 ரூபாய் ஆனது. அப்பா இருநூறாகக் கொடுத்தார். புரோக்கரிடம் ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புது பேட்டரி மட்டும் அதற்குப் பிறகும் ஒரு வருடம் வாங்கவில்லை. அதற்கு அவரிடம் இப்போது வலுவான காரணம் கிடைத்திருந்தது: "ஹேண்டில் போட்டதாலதான்டா கண்டுபிடிச்சுது!"

இப்போது என் மகன் வைத்திருக்கும் காரில் கோளாறு என்றால் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஸ்கேனரைச் செருகுகிறார்கள், எண்களும் எழுத்துகளுமாக ஒரு குறி வருகிறது, அதற்கு உரிய பாகத்தை மாற்றுகிறார்கள். குறை சொல்ல மாட்டேன். பாய் இருந்தால் அதையும் கற்றுக்கொண்டிருப்பார். ஆனால் சென்சார் வைத்த இடத்தில் மட்டுமே ஸ்கேனருக்குக் கண் இருக்கிறது. இளகிய நட்டுக்கும் முறிந்த வாஷர் நாக்குக்கும் குறி எண் கிடையாது.

ஆகவே உங்கள் வண்டி ஏதாவது சத்தம் போட்டால், ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். எப்போது வருகிறது: குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா, நிற்கும்போதா, மேடு ஏறும்போதா. எப்போது வராது: அற்பமாகத் தோன்றினாலும் கூச்சப்படாமல் எழுதுங்கள். கடைசியாக யார், எதைக் கழற்றினார்கள். இந்த மூன்றையும் கேட்காமல் இன்ஜினை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்த அம்பாசடரை 1999-ல் விற்றோம். அதுவரை அதன் இன்ஜினை யாரும் இறக்கவில்லை.